கடையில் பேசும் பேச்சு



முன்பின் அறியாத ஒருவரோடு நாள்தோறும் நாம் பேச நேரும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது கடை. கோயிலில் கடவுளோடு பேசுகிறோம். அலுவலகத்தில் அறிந்தவரோடு பேசுகிறோம். பஸ்ஸில் பெரும்பாலும் யாரோடும் பேசுவதில்லை. கடையில்தான் பெயர் தெரியாத ஒருவர் நம்மை நோக்கி ஏதேனும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாமும் அதற்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். அந்த இரண்டொரு சொல்லைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பொருள் சிறியதாகத் தோன்றலாம். பத்து ரூபாய்ச் சாமானுக்கு நடுவே நிகழும் பேச்சில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும், கடைக்குப் போனவர் வீடு திரும்பியதும் சொல்லும் முதற்செய்தி பல வேளைகளில் விலையைப் பற்றியதாக இருப்பதில்லை. "அவன் எப்படிப் பேசினான் தெரியுமா?" என்பதாகவே இருக்கிறது. விலை இரண்டு நாளில் மறந்துபோகும். பேச்சு மறப்பதில்லை.

தமிழ் பேசும் கடைக்காரருக்கு ஓர் இக்கட்டு உண்டு. ஆங்கிலம் பேசும் கடைக்காரருக்கு அது இல்லை. நம் மொழியில் எதிரே நிற்பவரை நீ என்னலாம், நீர் என்னலாம், நீங்கள் என்னலாம், தாங்கள் என்றும் சொல்லலாம். வா, வாரும், வாங்க, வாருங்கள் என்று வரவேற்பிலும் அத்தனை படிகள். ஆகவே வந்தவர் யார், அவரை எந்தப் படியில் நிறுத்துவது என்று தீர்மானிக்காமல் கடைக்காரர் வாயைத் திறக்க இயலாது. அதை அவர் ஒரு நொடியில் தீர்மானித்துவிடுகிறார். காலில் இருக்கும் செருப்பு, சட்டையின் சலவை, வந்தது காரிலா நடந்தா என்பவையே அவருக்குச் சான்றுகள். ஒரே மளிகைக் கடையில், கால்மணி நேரத்துக்குள், "வாங்க சார்" என்பதையும், "என்னய்யா வேணும்?" என்பதையும், "ஏய், தள்ளி நில்லு" என்பதையும் ஒரே வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். மூவரும் வாங்க வந்தது துவரம் பருப்புதான்.

இந்த இக்கட்டிலிருந்து தப்ப நம் மக்கள் ஒரு வழியும் கண்டிருக்கிறார்கள். அது உறவுப் பெயர். சென்னையில், தென் மாவட்டங்களிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவரைத் தெரு முழுவதும் 'அண்ணாச்சி' என்கிறது. முஸ்லிம் வணிகரைப் 'பாய்' என்கிறோம். அச்சொல்லுக்கும் உடன்பிறந்தான் என்பதே பொருள். அண்ணே, அக்கா, தம்பி, ஆயா என்று அழைத்துக்கொள்ளும்போது விற்பவரும் வாங்குபவரும் ஒரு கணம் உறவினராகிவிடுகின்றனர். பெரிய கடைகளில் இப்போது சாரும் மேடமும் வந்து உறவுகளை வெளியேற்றிவிட்டன. எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. 'மேடம்' என்ற சொல்லை எவ்வளவு அலட்சியமாகவும் சொல்லலாம்; 'அக்கா' என்று அலட்சியமாகச் சொல்வது சற்றுக் கடினம்.

கடைத்தெருவுக்கென்று வேறு சில இங்கிதங்களும் உண்டு. பழைய கடைக்காரர் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லக் கூசுவார். "நாளைக்கு வந்துடும்" என்பார். "இதைப் பாருங்களேன், இது அதைவிட நல்லாயிருக்கும்" என்பார். காய்கறிக் கடையில் கணக்கு முடிந்தபின் பைக்குள் விழும் கறிவேப்பிலைக் கொசுறும் ஒரு மரியாதைதான்; அது வாயால் சொல்லப்படுவதில்லை, அவ்வளவே. காலையில் போணி ஆகும் முன்னர் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிறவரிடம் மட்டும் இந்த இங்கிதமெல்லாம் காற்றில் பறந்துவிடும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது அன்றைய வரும்படியைப் பற்றிய அச்சம். நம்மைப் பற்றிய எண்ணம் அதில் ஒன்றும் இல்லை.

"அந்தக் காலத்தில் கடைக்காரர்களிடம் மரியாதை இருந்தது, இப்போது போய்விட்டது" என்று முதியோர் சொல்லக் கேட்கிறோம். இதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. ஆனால் அது புகழ்வது அவர்களுடைய நேர்மையை. வாங்கும்போது மிகுதியாக எடுக்காமையையும், விற்கும்போது குறைத்துக் கொடாமையையும். அவர்கள் சிரித்த முகத்தோடு வரவேற்றார்களா என்பது புலவருக்கு முக்கியமாகப் படவில்லை. நியாயமான தராசே முதல் மரியாதை என்று அவர் கருதியிருக்கலாம். அது தவறான கருத்தும் அன்று.

நம் பாட்டன்மார் காலத்து ஜவுளிக் கடையை நினைத்துப் பார்ப்போம். வெள்ளை விரிப்பிட்ட மெத்தை தரையில் போட்டிருக்கும். வாங்க வந்த குடும்பம் அதில் உட்காரும். துணியை விரித்துக் காட்டுகிறவரும் அதே மெத்தையில் உட்கார்ந்திருப்பார். குழந்தைக்குக் கலர் சோடா வரும்; பெரியவருக்கு வெற்றிலைத் தட்டு வரும். கல்யாணச் செய்தி, மழைச் செய்தி எல்லாம் பேசியபிறகே புடவை மடிப்பு அவிழும். இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த மெத்தை எல்லோருக்கும் விரிக்கப்பட்டதில்லை. ஊரின் ஒரு பகுதி மக்கள் கடை வாசலுக்கு வெளியே, தெருவில் நின்று குரல் கொடுக்கவேண்டியிருந்தது. அவர்கள் காசைத் தரையில் வைக்க வேண்டும். சாமான் கைபடாமல் மேலிருந்து போடப்படும். தேநீர்க் கடையில் அவர்களுக்கென்று தனிக் குவளை இருந்தது. அந்தக் காலத்து மரியாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மெத்தையில் உட்கார்ந்தவர்களின் பேரப் பிள்ளைகள். வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பேரப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு வரலாறு கிடைக்கும்.

இதனாலேயே 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, கடை என்ற எளிய இடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவேண்டியதாயிற்று. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றை மட்டும் காரணமாகக் காட்டிக் கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் யாரையும் தடுக்கலாகாது என்று அதன் 15ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு தேசத்தின் அடிப்படை உரிமைகளை எழுத உட்கார்ந்த அறிஞர்கள் மளிகைக் கடை வாசலை மறக்கவில்லை. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் பேசியது. அச்சட்டமே பின்னர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு ஒருவருக்குப் பொருளை விற்க மறுப்பது குற்றம் என்றது. அதோடு நிற்கவில்லை. மற்றவர்க்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே முறையில் இவருக்கும் விற்கவேண்டும் என்றது. தனி வாசல், தனி நேரம், தனிக் குவளை ஆகிய தந்திரங்களையெல்லாம் நன்கு அறிந்த ஒருவரே அந்தச் சொற்களை எழுதியிருக்கவேண்டும்.

சட்டம் வந்ததால் வழக்கம் முழுவதும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாங்குளம் என்னும் சிற்றூரில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிச் சிறுவர்களிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், உங்களுக்குக் கொடுக்க முடியாது என்று ஒரு கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அந்தக் காட்சி கைப்பேசியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. கடைக்காரர் கைது செய்யப்பட்டார். உரத்த குரலும் வசைமொழியும் இருந்தால்தான் அவமதிப்பு என்று எண்ணுகிறவர்கள் அந்த நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கவேண்டும். கையில் காசோடு வந்த குழந்தைகள் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். எவ்வளவு மென்மையான குரலில் சொன்னாலும் அந்தச் சொல் மென்மையாகிவிடாது.

கடையில் பேசப்படும் கடுஞ்சொல்லை நெடுநாள் கவனித்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. அது குணத்தைப் பொறுத்தது என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். இவர் நல்லவர், அவர் முசுடு என்று பிரித்துவிடுகிறோம். குணத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே மனிதர் ஓரிடத்தில் முசுடாகவும் மற்றோரிடத்தில் இன்முகத்தவராகவும் இருக்கிறாரே, அது எப்படி? எந்தப் பக்கத்தில் நிற்பவர் அவ்விடத்தை விட்டு விலகிப் போக முடியாதவரோ அவர்மேல்தான் கடுஞ்சொல் விழுகிறது. இருவருமே விலகிப் போகக்கூடிய இடத்தில், சண்டை போட்டாலும் அது சமமான சண்டையாக இருக்கிறது.

கீரைக்காரியைப் பாருங்கள். காலையில் கூடையோடு வந்து திண்ணையில் இறக்கி வைக்கிறாள். வீட்டுக்கார அம்மாள் முளைக்கீரைக் கட்டை எடுத்துப் பார்த்து, "இது என்ன, வாடிப் போயிருக்கு? இதுக்கு இருபது ரூபாயா?" என்கிறாள். "வாடினது உன் கண்ணும்மா, கீரை இப்பத்தான் பறிச்சது" என்கிறாள் அவள். இருவர் குரலும் தெருக்கோடி வரை கேட்கிறது. புதிதாக ஊருக்கு வந்தவர் கைகலப்பு நடக்கப்போகிறது என்றே எண்ணுவார். ஐந்து நிமிஷம் கழிந்து, அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வருகிறது. மருமகளின் பிரசவம் பற்றி விசாரணை நடக்கிறது. பேரம் என்பது வன்சொல்லால் ஆடும் ஒரு விளையாட்டு. அதில் அவமதிப்பு இல்லாமைக்குக் காரணம் எளியது. கீரைக்காரிக்கு முதலாளி இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். இந்த அம்மாளும் சந்தைக்குப் போய்விடலாம். இது இருவருக்கும் தெரியும்.

இப்போது நியாயவிலைக் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய கடைகள் உள்ளன. 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. கோடிக்கணக்கான அடுப்புகள் இந்தக் கடைகளை நம்பி எரிகின்றன. இவற்றை நடத்துவது பெரிய காரியம். நாட்டில் பல மாநிலங்கள் செய்யாத காரியம். ஆனால் அட்டைக்காரர் பிடிக்கவில்லையென்று அடுத்த தெருக் கடைக்கு நினைத்த மாத்திரத்தில் போய்விட இயலுமா? அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் நின்ற ஒரு வரிசையில் எனக்கு முன்னே ஒரு மூதாட்டி இருந்தார். விரலை வைத்துப் பதிவு செய்யும் கருவி 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இக்கடைகளில் வந்திருக்கிறது. அவர் விரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. மறுபடி வைத்தார், ஏற்கவில்லை. வயலிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் ஒரு வாழ்நாளைக் கழித்த விரல். அதில் ரேகை எங்கே இருக்கும்? "கையைத் துடைச்சிட்டு வை. எத்தனை தடவை சொல்றது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார். கீரைக்காரியிடம் இப்படி யாரேனும் பேசியிருந்தால் அவள் தக்க மறுமொழி தந்திருப்பாள். அரிசிப் பையோடு நிற்பவர் என்ன சொல்ல முடியும்? அடுத்த மாதமும் அதே சன்னலுக்குத்தானே வரவேண்டும்?

உள்ளே இருப்பவரின் பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். மூட்டையில் எடை குறைந்தே வந்து சேர்கிறது, அந்தக் குறைவை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது இக்கடை ஊழியர்களின் சங்கங்கள் பல்லாண்டாகச் சொல்லிவரும் குறை. கருவி தானாக மந்தமாகும். அதற்குத் திட்டு வாங்குபவர் இவர். சர்க்கரை வரவில்லையென்றால், அனுப்பாதவர் யாரென்று வரிசைக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிபவர் இவர் ஒருவரே. மேலே உள்ளவர்களிடம் கேட்க முடியாதவர் கீழே நிற்பவரிடம் எரிந்து விழுகிறார். அவருக்கும் விலகிப் போக இடமில்லை. சன்னலின் இரு பக்கத்திலும் இப்படிக் கட்டுண்டவர்களை நிறுத்திவிட்டு, நடுவே 'அன்புடன் பேசவும்' என்று எழுதிவைத்தால் போதுமா?

துணிக்கடையில் இந்தக் காட்சி அப்படியே தலைகீழாகிறது. அங்கே விலகிப் போகக்கூடியவர் வாங்க வந்தவர். நகர முடியாதவர் விற்கும் பெண். பெருநகரத்துக் கடைத்தெருவில் ஏழு மாடிக் கடை. ஒரு மாடி முழுவதும் புடவை. தென் மாவட்டங்களிலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். கல்யாணக் கூட்டம் ஒன்று உள்ளே வருகிறது. "அந்த மயில் பச்சையை எடு, அதற்கு மேலே இருப்பது, அது இல்லை, பக்கத்திலே" என்று ஐம்பது புடவைகள் விரிகின்றன. "ஒன்றும் சரியில்லை" என்று கூட்டம் எழுந்து போகிறது. ஐம்பதையும் மடிப்புக் கலையாமல் மீண்டும் மடித்து அடுக்க வேண்டும். வாங்காமல் போவது வாங்குபவரின் உரிமை; அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொல்ல வருவது அந்த 'எடு' என்ற சொல்லை. தம் மகள் வயதுப் பெண்ணை முன்பின் அறியாமலே 'நீ' என்றும், தாமதமானால் "காது கேக்கலையா?" என்றும் பேசுகிறவர், வங்கி மேலாளரிடம் அப்படிப் பேசுவாரா? பேசமாட்டார். அந்தப் பெண் திருப்பிச் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு சொல் திருப்பிச் சொன்னால் சற்றுத் தள்ளி நிற்கும் கண்காணிப்பாளர் வருவார். அன்றைய சம்பளத்தில் கைவைப்பார்கள் என்ற அச்சம் அவள் முகத்தில் இருக்கும். இவ்வாழ்க்கையை 2010இல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு' என்ற திரைப்படமாக எடுத்தபோது, பல ஆண்டுகளாக அதே கடைகளில் துணி வாங்கியவர்கள் திரையரங்கில் உட்கார்ந்து வியந்தார்கள். வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கண்ணெதிரே நின்றவர்களைத் திரையில்தான் அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

நின்றவர்கள் என்றேன், சொல்லுக்குச் சொல் உண்மை அது. பழைய மெத்தை போய், உயரமான மேசையும் கண்ணாடி அலமாரியும் வந்தபோது, வாங்குபவருக்கு நாற்காலி கிடைத்தது. விற்பவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. நான்கு மணி வேலைக்கு ஒரு மணி ஓய்வு வேண்டும் என்றது. உட்காருவதைப் பற்றி அது பேசவில்லை. ஒரு மனிதர் வேலையிடத்தில் உட்காரக்கூட விடமாட்டார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றாமற் போயிருக்கலாம். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு பழைய கடைத்தெரு உண்டு. அங்கே தையல் வேலை செய்துவந்த விஜி என்னும் பெண்மணியும் அவர் தோழியரும் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கழிப்பிடம் வேண்டும் என்பதே முதற்கோரிக்கை. கழிப்பிடம் இல்லாமையால் தண்ணீர் குடிக்கவே அஞ்சினார்கள் கடைப் பெண்கள். பின்னர், உட்கார இடம் வேண்டும் என்று கேட்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் மாநிலச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். எல்லா ஊழியர்க்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும், வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பது அதன் சாரம்.

சட்டம் வந்தபின் ஒரு பெரிய கடையில் மேசைக்குப் பின்னே முக்காலி போட்டிருப்பதைப் பார்த்தேன். அருகிலேயே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அப்போது கூட்டமும் இல்லை. "உட்காரலாமே அம்மா" என்றேன். "நீங்க வந்துட்டீங்களே சார்" என்றாள். வாங்க வந்தவர் முன்னிலையில் விற்பவர் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது யாருக்குக் குறைவு என்று எனக்கு விளங்கவில்லை. அவள் உட்கார்ந்தபடியே விலை சொன்னால் புடவையின் சாயமா போய்விடும்?

வாங்குபவரே எப்போதும் சரி என்றொரு வாசகம் மேல்நாட்டுக் கடைகளில் பிறந்தது. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு கடையிலும், அங்கே பயின்று 1909இல் லண்டனில் தம் பெயரால் கடை திறந்த செல்ஃப்ரிட்ஜ் என்பவரிடத்திலும் அது வழங்கியதாகச் சொல்வர். வாங்கிய பொருளில் குறை இருந்தால் வாதாடாமல் மாற்றிக் கொடு என்ற அளவில் அது நல்ல வாசகமே. "வாங்குபவர் எப்படிப் பேசினாலும் சரி" என்று அதற்குப் பொருள் செய்துகொண்டால் தொல்லை. நம் நாட்டிலோ வங்கிகளிலும் கடைகளிலும் காந்தியடிகள் படத்தின் கீழே, வாடிக்கையாளரே நமது மிக முக்கியமான விருந்தினர் என்ற கருத்தில் சில வாக்கியங்களைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். அவை காந்தியடிகள் சொன்னவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே கருத்து, ஏறக்குறைய அதே சொற்களில், 1941இல் ஓர் அமெரிக்க மோட்டார் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி பெயரால் அச்சேறியிருக்கிறது. காந்தியடிகள் கடைக்காரரைப் பற்றிப் பேசியிருந்தால், சிப்பந்தியின் சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

புதிய கடைகளில் இன்முகத்துக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். கதவு திறந்ததும் கைகூப்பி வணங்கி ஒரே சுருதியில் "வெல்கம்" என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை அப்படிச் சொல்லும் இளைஞரின் கண்ணைப் பார்த்தால், அவர் நம்மைப் பார்க்கவில்லை என்பது தெரியும். அவரைக் குறை கூறுவதற்கில்லை; அவர் வேலையைச் செய்கிறார். ஆனால் மூலைக்கடை அண்ணாச்சி தலை நிமிராமல், "அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வெல்லத்தை நிறுக்கிறாரே, அதையும் இதையும் ஒரே பெயரால் மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்த கடைகளும் உண்டு. 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்ளி விக்ளி என்ற பெயரில் ஒரு மளிகைக் கடை திறந்தார். வாங்குபவரே கூடையோடு உள்ளே நடந்து, வேண்டியதைத் தாமே எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் பணம் கட்டவேண்டும். அந்த முறை உலகை வென்றது. நம் ஊருக்கும் வந்துவிட்டது. கைப்பேசியால் பணம் கட்டும் இந்நாளில் சில்லறைச் சண்டையும் குறைந்தது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கமும் தேய்ந்துவருகிறது. கல்லாப்பெட்டி அருகே ஒரு சிறு பெட்டி வாய் திறந்து, இத்தனை ரூபாய் வந்தது என்று ஊரறியச் சொல்கிறது. காசைக் கையில் கொடுப்பதா, மேசைமேல் எறிவதா என்ற கேள்விக்கும் இடமில்லை. காசைத் தரையில் வைக்க நேர்ந்தவர்களின் வழியில் வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை மற்றவர்கள் எளிதில் உணரமாட்டார்கள்.

ஆயினும் கடுஞ்சொல் தன் இடத்தை மாற்றிக்கொண்டதே தவிர மறைந்துவிடவில்லை. இப்போது அது வீட்டு வாசலில் நிற்கிறது. சாமானை இருசக்கர வண்டியில் கொண்டுவரும் இளைஞர் மழையில் நனைந்து படியேறி வருகிறார். ஐந்து நிமிஷம் தாமதம் என்றால் அவருக்குக் கிடைக்கும் வரவேற்பு எப்படிப்பட்டது என்பதை அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்கள் அறிவார்கள். சில குடியிருப்புகளில், சாமான் கொண்டுவருவோர் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது என்று எழுதி ஒட்டியிருப்பதையும் கண்டேன். அவருக்குக் கொடுக்கும் விண்மீன்கள் ஐந்தா, ஒன்றா என்று நாம் விரலால் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். நமக்கு விண்மீன் கொடுக்க அவர் கையில் என்ன இருக்கிறது?

கடை மூடும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் முன்னே குறிப்பிட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அழகான விதி உண்டு. அரசு குறித்த நேரத்தில் கடையை மூடவேண்டும். ஆனால் அந்நேரத்தில் உள்ளே சாமான் வாங்கிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருப்பவருக்கு மேலும் கால்மணி நேரம் விற்பனை செய்யலாம் என்பது அவ்விதி. வந்தவரை வெறுங்கையோடு வெளியே போகச் சொல்லவேண்டாம் என்ற இங்கிதம் அதில் இருக்கிறது. சிப்பந்தியை நள்ளிரவு வரை நிறுத்தி வைக்கவேண்டாம் என்ற இரக்கமும் இருக்கிறது. இருபக்கமும் கருதி அளந்த கால்மணி அது. 2019இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று இசைவு தந்தது. 2022இல் அதை நீட்டித்தது. ஆகவே பெரிய கடைகளில் அந்தக் கால்மணிக்கு இப்போது வேலையில்லை. சிறிய கடைகளில் மட்டும் அதை வேறு வகையில் காணலாம். இரவு பத்து மணி. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே பையன் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறான். ஒருவர் குனிந்து, "தம்பி, குழந்தைக்குப் பால் பவுடர்" என்கிறார். பையன் துடைப்பத்தைச் சாத்திவிட்டு எடுத்துத் தருகிறான். அவருக்குப் பின்னாலேயே வேறொருவர் குனிந்து நுழைந்து, சோப்பில் எத்தனை வகை இருக்கிறது என்று கேட்கத் தொடங்குகிறார். பையன் சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்க்கிறான். அவன் போகவேண்டிய கடைசி பஸ் பத்தேகாலுக்கு.